கொலுக் குளத்தில் கம்மல் பூ

என் மன்னியைப் போல நல்லவள் உண்டா என்று மயிலாப்பூர் மாட வீதிகளில் இன்றைக்கும் சொல்வார்கள். சொல்லட்டும். அவர்களில் ஒருத்தியாவது அவளை நம்பித் தன் மனசைத் திறந்து காட்டியிருப்பாளா? நான் காட்டினேன். அதனால் அவளைப் பற்றிப் பேச அவர்களைவிட எனக்குப் பாத்தியதை அதிகம். போய்ச் சேர்ந்தவளைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டுமாம். நான் நடந்ததைப் பேசுகிறேன்.

மன்னி என் ஒரே அண்ணாவின் மனைவி. என்னைவிட இரண்டே வயது மூத்தவள். பதினாலு வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து எனக்கு வேறு சிநேகிதி தேவைப்படவில்லை. அவள் தலையை நான் பின்னிவிடுவேன், என் தலையை அவள் பின்னிவிடுவாள். சாயங்காலம் நான் கல்லூரியிலிருந்து வந்ததும், அம்மா கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்துக் கிணற்றடியில் உட்கார்ந்து, அன்றைக்கு வகுப்பில் என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் கேட்பாள். மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோல் எப்படித் தெரியும் என்று அவளுக்கு நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன், கணக்கே இல்லை. ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தபடியே கேட்பாள். தான் படிக்காத படிப்பை நான் படிப்பதில் அவளுக்கு சந்தோஷம் என்று நினைத்தேன். அட அசடே என்று இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அப்போது நான் இன்டர்மீடியட் இரண்டாம் வருஷம். பாட்டனி எனக்கு உயிர். இன்டர்மீடியட் முடிந்த கையோடு கல்யாணம் என்பது அம்மா, அண்ணா இருவருடைய கட்சி. மேலே பி.ஏ. படிக்க வேண்டும் என்பது என் கட்சி, அப்போது பாட்டனிக்கும் பி.ஏ.தான். அப்பா வக்கீல். கோர்ட்டில் எப்படியோ தெரியாது, வீட்டில் அவருக்குக் கட்சியே கிடையாது, கடைசியாகப் பேசினவர் பக்கம் சாய்வார். நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்த ஒரு நாள், உன் டீச்சரம்மா நேரில் வந்து, இந்தப் பெண்ணுக்கு மேலே படிக்கிற யோக்கியதை இருக்கிறது என்று தன் வாயால் சொல்லட்டும், அப்புறம் தடுக்க மாட்டேன் என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்பா சொன்னால் சொன்னதுதான், அதை அதற்குப் பிறகு வேறு யாரும் பேசி மாற்றாத வரைக்கும்.

ஆனால் எங்கள் பாட்டனி மிஸ் லேசில் யார் வீட்டுப் படியும் ஏறுகிறவர் இல்லை. மலையாளக் கரையிலிருந்து வந்த கிறிஸ்தவப் பெண்மணி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளைப் புடவை, முழங்கை வரை ரவிக்கை, சிரிப்பென்பது அபூர்வம். பெண்கள் வந்து, எங்கள் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் மிஸ் என்று கெஞ்சுவதை நான் பார்த்திருக்கிறேன். சொல்லத்தக்கதாக ஒரு காரியம் செய், வந்து சொல்கிறேன் என்பதுதான் எல்லாருக்கும் ஒரே பதில். அந்தக் காரியத்தைத் தேடித்தான் நான் செடி சேகரிக்கிற தகரப் பெட்டியும் கையுமாக அலைந்தேன். அது எனக்கு மன்னியின் பிறந்தகத்துக் கொல்லையில் கிடைத்தது.

மன்னியின் பிறந்தகம் சைதாப்பேட்டையில். கொல்லைக் கதவைத் திறந்தால் ஆறு. அடையாறு என்றால் மூக்கைப் பொத்திக்கொள்கிற இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது கதை போல இருக்கும். கீழே அடையாறு பாலத்துப் பக்கம் கடல் தண்ணீர் ஏறி உப்புக் கரிக்கும். இங்கே நல்ல தண்ணீர். கோடையில் ஆறு மெலிந்து மணல் தெரியும், கையால் தோண்டினால் ஊற்று வரும். துணி வெளுக்கிறவர்கள் கல்லில் அறைகிற சத்தம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். ஊர்ப்பட்ட வேட்டியும் புடவையும் மணலில் காயும். அந்தத் துறையைத் தாண்டி மேலே கொஞ்ச தூரம் போனால் கரை உள்வாங்கித் தாழம்புதர் மறைத்த ஒரு மடு. மாம்பலத்துப் பக்கமிருந்து வரும் பழைய கால்வாய் ஒன்று அங்கேதான் ஆற்றில் விழும்.

அந்தக் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. மயிலாப்பூருக்கும் மாம்பலத்துக்கும் நடுவில் முன்பு பெரிய ஏரி இருந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதுதான் அதன் தண்ணீரை வடித்து, தூர்த்து, மனை போட்டு, தியாகராய நகர் என்று பேர் வைத்தார்கள். ஏரியின் உபரித் தண்ணீர் வந்த கால்வாய் அது. ஏரி போன பிறகும் எங்கேயோ மண்ணுக்கடியில் கசிவு மிச்சம் இருந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் வற்றினாலும் அந்த மடுவில் மட்டும் இடுப்பளவு தண்ணீர் பளிங்காக நிற்கும், அடியில் மணல் தெரியும்.

ஆவணி மாசத்தில் ஒரு நாள் அதில் அந்தப் பூவைப் பார்த்தேன். இலை முழுக்கத் தண்ணீருக்குள். ஈரமான அப்பளம் மாதிரி மெல்லிசு, பின்னால் கையை வைத்தால் விரல் தெரியும். நீண்ட தண்டு ஒன்று மேலே வந்து, தண்ணீர் மட்டத்தில் பூ உட்கார்ந்திருந்தது. மூன்றே இதழ், வெளுப்பிலே லேசான ஊதா, நடுவில் மஞ்சள். வெயில் ஏறினதும் விரிந்து சாயங்காலம் வரை இருக்கும். காதில் போடுகிற கல் கம்மலைவிடப் பெரிசில்லை. துறையில் துணி துவைக்கிற பெண்கள் அதைக் கம்மல் பூ என்றே சொன்னார்கள். அந்த ஒரு மடுவைத் தவிர ஆற்றில் வேறெங்கும் நான் அதைப் பார்க்கவில்லை. பாலத்திலிருந்து மேலே நடந்தும் பார்த்தேன், கிடையாது.

ஒரு பூவும் ஒரு இலையும் மட்டும் ஈரத்துணியில் சுற்றி மிஸ்ஸிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் தட்டில் மிதக்கவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது, எழுந்திருக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். இதே மாதிரி ஒன்று எழும்பூர் மியூசியத்தில் காயவைத்துத் தாளில் ஒட்டி இருக்கிறது, அந்தப் பழைய ஏரியில் எடுத்தது, ஏரியோடு போயிற்று என்றுதான் எல்லாரும் நினைத்திருக்கிறோம் என்றார். அந்தத் தாளில் காய் இல்லை. காயும் விதையும் இல்லாமல் இது இன்னதுதான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால் இனி ஒரு பூவைக்கூடப் பறிக்காதே, காய் முற்றுகிற வரை காத்திரு, முற்றின காயை என் கண்ணில் காட்டு என்றார். காட்டினால் உன் அப்பாவிடம் நானே வருகிறேன், மேலே படிக்கும்போது இதையே நீ என்னோடு சேர்ந்து பார்க்கலாம் என்றும் சொன்னார். அன்றைக்கு டிராமில் ஏறாமல் வீடு வரை நடந்தே வந்தேன். கால் தரையில் பாவவில்லை.

மன்னியிடம்தான் முதலில் சொன்னேன். மன்னியிடம் மட்டும்தான் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். இனிமேல் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் பிறந்தாத்துக்குப் போகணும்னு மாமியார்கிட்டச் சொல்றேன், துணைக்கு நீ வா என்று அவளே வழி சொன்னாள். அப்படியே சொல்லவும் செய்தாள். ஜட்காவில் உட்கார்ந்து போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே வருவாள். இப்படி ஒரு மன்னி யாருக்குக் கிடைப்பாள் என்று உருகிப்போனேன்.

அங்கே போனால் மன்னியின் பெரியம்மா அநேகமாக வந்திருப்பாள். மாம்பலத்தில் புதிதாக வீடு கட்டிக் குடிபோனவர்கள். வைரத்தோடு, தடித்த கண்ணாடி. நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மடுவுக்குப் போகும்போதும் வரும்போதும் கொல்லைக் கதவருகில் வந்து நின்று பார்ப்பாள். திரும்பி வந்ததும் மோர் கொடுப்பாள். காலேஜில் என்ன படிக்கிறாய், பாட்டு உண்டா, மைசூர்பாகு கிளறத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். பொழுது போகாத மாமி, நல்ல மாதிரி என்று நினைத்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மைசூர்பாகு தெரியாது என்றும் சொன்னேன்.

மன்னியும் சில நாள் என்னோடு கரை வரை வருவாள். பூ உதிர்ந்ததும் அந்தத் தண்டு என்ன செய்யும் என்று அவளுக்குக் காட்டினேன். முறுக்குச் சுற்றுகிற மாதிரி சுருண்டு சுருண்டு, நுனியில் இருக்கும் பிஞ்சைத் தண்ணீருக்கு அடியில் இழுத்துக்கொள்ளும். காய் இருட்டில்தான் முற்றும். பிஞ்சு பச்சையாக இருக்கும்வரை உபயோகமில்லை, கறுத்தால்தான் விதை. செடியைப் பெயர்க்க வேண்டுமென்றால் எப்படிப் பெயர்ப்பாய் என்று ஒரு நாள் கேட்டாள். தண்டைப் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும், அடியில் கை கொடுத்துச் சேற்றோடு தூக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். கையை வைத்தும் காட்டினேன். ஆசைப்பட்டுக் கேட்கிறாளே என்று எனக்குப் பெருமை வேறு.

நவராத்திரி நெருங்கியது. பிஞ்சு நிறையப் பிடித்திருக்கிறது என்று கேட்டதும் மிஸ்ஸுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கொலுவுக்கு வந்து அப்பாவிடம் பேசுவதாகவும், மறுநாள் என்னோடு ஆற்றுக்கு வந்து காயைப் பார்ப்பதாகவும் மிஸ் சொல்லிவிட்டார். அதற்கும் முழுசாக முற்றியிருக்காது, இன்னும் கொஞ்ச நாள் ஆகும், இருந்தாலும் நான் பார்க்க வேண்டும் என்றார். மழை பிடிப்பதற்குள் முற்றிவிட வேண்டுமே என்பது ஒன்றுதான் எனக்குக் கவலை. ஐப்பசியில் ஆறு புரண்டு வந்தால் மடுவாவது ஒன்றாவது.

அந்த வருஷம் எங்கள் தெருவில் கொலுப் போட்டி தலைக்கேறியிருந்தது. ஒரு வீட்டில் சாவி கொடுத்தால் ஓடும் ரயில். ஒரு வீட்டில் படிக்குப் படி கலர் பல்பு. எங்கள் வீட்டில் வழக்கம்போலப் படிகளுக்குக் கீழே மணலைக் கொட்டி, கடுகும் கேழ்வரகும் தெளித்துப் பயிர் வளர்த்து, நடுவில் வெண்கலத் தாம்பாளத்தில் தண்ணீர் விட்டுக் குளம் என்று வைப்போம். வேறென்ன இருக்கு நம்மாத்தில் என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டாள்.  கொலு வைக்கிற சமயத்தில் பார்த்து மன்னி ஒரு நாள் சைதாப்பேட்டைக்குப் போய்விட்டு வந்தாள். எனக்கு அன்றைக்குக் கல்லூரி.

வியாழக்கிழமை, கொலு ஆரம்பித்த முதல் நாள். சாயங்காலம் கூடத்துக்குள் நுழைந்தேன். தாம்பாளம் இல்லை. அந்த இடத்தில் பெரிய பித்தளை அண்டா, விளிம்பு வரை மணலில் புதைத்து, சுற்றிலும் கடுகுப் பயிர். அதில் நிறையக் கம்மல் பூ. முற்றத்து வெளிச்சத்தில் விரிந்து மிதந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மாமிகள் நாலு பேர் குனிந்து பார்த்து, இதென்ன பூ, எங்கே கிடைத்தது என்று மாய்ந்துபோனார்கள். 

மன்னியைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனேன். என்ன காரியம் செய்தாய் என்றேன். அவள் என் கன்னத்தைத் தட்டினாள். ரெண்டு மூணுதான் எடுத்தேன், அங்கே இன்னும் நெறைய இருக்கு, உங்கம்மாவுக்காகத்தானே, இதுக்குப் போய் அழறியே என்றாள். அண்டாத் தண்ணீர் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டேன். வண்ணாந்துறைத் தண்ணீரில் வளர்ந்ததை அப்படியே சாமி முன்னால் வைக்க முடியுமா, அதனால் சேற்றையெல்லாம் கழுவி, வேரை மஞ்சள் தண்ணீரில் அலசி, மடியாகக் கிணற்று ஜலம் விட்டேன் என்றாள். அந்தத் துறையில் வெளுத்த துணியைத்தான் இருவரும் உடுத்திக்கொண்டு நின்றோம். அதற்கு மட்டும் மடி தடுக்கவில்லை.

ரெண்டு மூணு என்று அவள் சொன்னதை நம்ப வேண்டும் போல இருந்தது, ஆனால் அண்டாவில் இருந்தவை கண்ணுக்கு முன்னால் நின்றன. மறுநாள் காலை கல்லூரிக்கென்று கிளம்பி நேரே சைதாப்பேட்டைக்கு பஸ் ஏறினேன். தாழம்புதரை விலக்கிக்கொண்டு மடுவில் இறங்கினேன். தண்ணீர் சேறாகக் கலங்கிக் கிடந்தது. காலால் துழாவினேன், கையால் துழாவினேன். அடி மணலில் குழி குழியாக இருந்தது, நான் சொல்லிக்கொடுத்தபடி அடியில் கை கொடுத்துத் தூக்கின குழிகள். ஒரு இலைகூட மிச்சமில்லை. துறையிலிருந்து ஒரு அம்மாள் பிழிந்த துணியோடு புதர் வரை வந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னாம்மா இப்ப வந்து தேடிக்கினுகீறே? உங்க அண்ணி வந்து அல்லாத்தையும் குடம் குடமா பேத்துக்கினு பூட்ச்சே. நாலு ஆளு வெச்சுல்ல எடுத்துச்சு. நீதான் கேட்டேன்னு சொல்லிச்சு."

நான் பாவாடையோடு அந்தச் சேற்றில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. எப்படி வீடு வந்தேன் என்பதும் நினைவில்லை.

வீட்டு வாசலில் ஒரு மோட்டார் நின்றது. கூடத்தில் பட்டுப்பாய் விரித்திருந்தார்கள். அதில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வைரத்தோடு, தடித்த கண்ணாடி. மன்னியின் பெரியம்மா. கொலுவுக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம் அண்ணா மேல்துண்டைப் போட்டுக்கொண்டு நிற்பதையும், அப்பா கோர்ட்டுக்குப் போகாமல் ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பதையும், அம்மா என் அழுக்குப் பாவாடையைப் பார்த்துப் பதறுவதையும் பார்த்தேன். புரிந்துவிட்டது. கொலுவுக்கு வருகிற சாக்கில் பிள்ளைக்குப் பெண் பார்க்கிறதொன்றும் எங்களவர்களுக்குப் புதிசில்லை. எனக்குப் புதிசாகத் தெரிந்தது வேறு. சனிக்கிழமை தோறும் கொல்லைக் கதவருகில் நின்று அந்த மாமி பார்த்தது ஆற்றை அல்ல. எனக்குத் துணை வந்தாள் என்று நான் நினைத்த ஒவ்வொரு தடவையும் மன்னி என்னைக் காட்டத்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

அம்மா அவசரமாக எனக்குப் புடவை சுற்றி, பூ வைத்துக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். அந்த மாமி அண்டாவைக் காட்டி, காலேஜ் படிக்கிற பெண்ணுக்குக் கொலுவெல்லாம் எங்கே வைக்கத் தெரியப்போகிறது என்று நினைத்தேன், இது யார் வைத்தது என்று கேட்டாள்.

"எல்லாம் எங்க நாத்தனார்தான் பெரியம்மா" என்றாள் மன்னி. "அவளே ஆத்துல இறங்கி, வேரோட எடுத்துண்டு வந்து வெச்சா. எங்களை யாரையும் தொட விடலை."

நான் எடுக்கவில்லை என்று சொன்னேன். உரக்கத்தான் சொன்னேன். நான் இல்லை மாமி, எனக்குத் தெரியாமல் எடுத்தது என்றேன். மாமி அப்பாவைப் பார்த்துச் சிரித்து, அடக்கத்தைப் பாருங்கோ, செய்ததைச் செய்தேன்னு சொல்லிக்கக்கூட வாய் வரலை, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என் வாயிலிருந்து வந்த நிஜமே என்னைக் கொண்டுபோய் அங்கே தள்ளிவிட்டது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வாசலில் மிஸ் வந்து நின்றார். சொன்னபடி வந்துவிட்டார். வெளியில் செருப்பை விட்டு, தயங்கி உள்ளே வந்து, அப்பாவுக்கு வணக்கம் சொன்னார். அப்புறம் கொலுவைப் பார்த்தார், படிகளை இல்லை, அண்டாவை. குனிந்து ஒரு செடியைத் தூக்கினார். துளி மண்ணில்லாமல் கழுவி மஞ்சளேறின வேர். சுருண்ட தண்டுகளைத் தேடினார். ஒன்றுகூட இல்லை. இதை யார் எடுத்தது என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மன்னி அதே சிரித்த முகத்தோடு, அதே வார்த்தைகளை அவரிடமும் சொன்னாள்.

இல்லை மிஸ் என்று எழுந்தேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். அண்ணா, பெரியவாளுக்கு எதிரே என்ன பேச்சு, உட்கார் என்றார். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். ஏற்கெனவே வேறு பக்கம் சாய்ந்துவிட்ட முகம் அது. மிஸ் அந்தச் செடியை மெதுவாகத் தண்ணீரில் விட்டார். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்பாவிடம் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. குங்குமம் கொடுப்பதா வேண்டாமா என்று அம்மா தடுமாறித் தேங்காயை மட்டும் நீட்டினாள். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எல்லாரும் போன பிறகு மன்னியைக் கிணற்றடியில் பிடித்தேன். நாங்கள் கதை பேசின அதே கிணற்றடி. சுருண்ட தண்டெல்லாம் எங்கே என்று கேட்டேன். பார்க்க அசிங்கமாக இருந்தது, கிள்ளி மாட்டுத் தொட்டியில் போட்டேன் என்றாள்.

"அது காய்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீதானே காட்டினே."

 அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். அவள் முகத்தை அன்றைக்குத்தான் சிரிப்பில்லாமல் பார்த்தேன்.

"அந்தக் காய் முத்தியிருந்தா உன் மிஸ் வந்து பேசியிருப்பா. நீ படிப்பே, வேலைக்குப் போவே, நான் உனக்கும் உங்கம்மாவுக்கும் வடிச்சுக் கொட்டிண்டு இந்த ஆத்துலயே கிடப்பேன். பதினாலு வயசுல என்னைக் கொண்டுவந்து விட்டாளே, என்னை யாராவது கேட்டாளா? தினமும் வந்து காலேஜ் காலேஜ்னு என்கிட்டச் சொல்லிண்டே இருந்தியே, எனக்கு எப்படி இருக்கும்னு ஒரு நாள் கேட்டிருப்பியா? நான் என்ன உன்னைப் பாழுங்கிணத்துலயா தள்ளிட்டேன். நல்ல இடம்தான். போ."

வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருக்கட்டும் அந்த நியாயம். படிப்பு வேண்டும் என்று அவள் கேட்டிருந்தால் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருப்பேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டே அறுத்திருக்க வேண்டாம்.

மஞ்சள் தண்ணீரில் அலசின வேர் எத்தனை நாள் தாங்கும்? சீக்கிரமே இலை கொழகொழவென்று ஆகி நாற்றமெடுத்தது. சரஸ்வதி பூஜைக்கு முன்னால் அண்டாவை எடுத்து வாழை மரத்தடியில் கவிழ்த்துவிட்டார்கள். நான் அதைக் கிளறிப் பார்த்தேன், ஒரு பிஞ்சுகூட இல்லை. பூஜையன்று என் புத்தகங்களையும் தகரப் பெட்டியையும் மன்னியே கொண்டுபோய்ப் பலகையில் அடுக்கிச் சந்தனம் வைத்தாள். பூஜையில் வைத்த புத்தகத்தை விஜயதசமியன்றுதான் எடுத்துப் படிக்க வேண்டும், அன்றைக்குப் படித்தால் படிப்பு பெருகும் என்பார்கள். எங்கள் வீட்டில் விஜயதசமியன்று எனக்கு நிச்சயதார்த்தம். புத்தகத்தை எடுக்கச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. என்னைக் கல்லூரிக்கும் அனுப்பவில்லை. மிஸ்ஸை நான் மறுபடி பார்க்கவே இல்லை. அவர் கடைசி வரைக்கும் என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தாரோ. அந்த ஐப்பசியில் ஆறு கரை புரண்டு வந்ததாகச் சொன்னார்கள். பிற்பாடு ஒரு முறை போய்ப் பார்த்தேன். தாழம்புதரும் இல்லை, மடுவும் இல்லை, மணல் மூடியிருந்தது.

தை மாசம் கல்யாணம். புக்ககம் மன்னியின் பெரியம்மா வீடு, மாம்பலத்தில், அந்தப் பெரிய ஏரி இருந்த இடத்தில். கொல்லையில் வாழை வைக்கத் தோண்டினால் கறுப்பு வண்டல் வரும், நத்தை ஓடு வரும். அந்த மண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, மாட்டுப்பெண்ணுக்குத் தோட்டத்தில் பிரியம் என்று மாமியார் எல்லாரிடமும் சொல்வாள். கெட்டவள் இல்லை. என் வீட்டுக்காரரும் கெட்டவர் இல்லை. அவர்கள் நல்லவர்களாக இருந்தது மன்னிக்கு ரொம்பச் சௌகரியமாகப் போயிற்று.

அங்கே என் முதல் நவராத்திரி. மாமியார் ஒரு மாசம் முன்னாலேயே பித்தளை அண்டா வாங்கிவிட்டாள். அந்தப் பூவை வை, ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன் என்றாள். அது இப்போது இல்லை அம்மா என்றேன். சீசன் தவறிவிட்டது போலிருக்கிறது என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மெழுகுக் காகிதத்தில் மூன்றிதழாகப் பூ வெட்டி மிதக்கவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மன்னி வந்தாள். அரக்குப் பட்டு, தோளில் நாலு மாசக் குழந்தை. என் வீட்டுக் கூடத்தில் பத்துப் பெண்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்து, ஒரு பாட்டுப் பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். பிறகு அண்டாவை எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, அந்தக் கம்மல் பூவை வெக்கலையா?"

அவள் குரலில் விஷமம் இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நிஜமாகவே மறந்துபோய்க் கேட்டாள்.

"ஒண்ணையாவது நீ விட்டிருந்தா வெச்சிருப்பேன், மன்னி" என்றேன்.

சபையில் ஒருத்திக்கும் அது விளங்கவில்லை. மாமியார் மட்டும், அதுக்கென்ன, உங்க ஆத்தங்கரையில்தானே இருக்கு, அடுத்த வருஷம் நீ கொண்டு வந்து கொடேன் என்று மன்னியிடம் சொன்னாள். ஆகட்டும் பெரியம்மா, பேஷாக் கொண்டு வரேன் என்று மன்னி தலையாட்டினாள்.

புறப்படும்போது அவளுக்கும் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தேன். சுமங்கலியைக் கொடுக்காமல் அனுப்ப முடியுமா? நெற்றியில் குங்குமம் இட்டேன். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தாள், குனிந்து நமஸ்காரமும் செய்தேன். மன்னி என் தலைமேல் கையை வைத்து, "நன்னா இரு" என்றாள்.